வெளிநிலம் காணச் செல்வதற்கான முன்னேற்பாடு: காரைப் பள்ளநிலம், கோடியக்கரைப் புல்வெளி, கல்மரப் பூங்காக்கள் குறித்த ஓர் ஆய்வு

பொருளும் எல்லையும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து ஒரு பகலில் சென்று சேரக்கூடிய தொலைவில், கோபுரமோ அருவியோ படகுத்துறையோ இன்றி, நிலம் மட்டுமே காட்சியாக விரிந்துகிடக்கும் இடங்கள் சில உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரை, கொளக்காநத்தம் ஆகிய ஊர்களை ஒட்டி, மழைநீர் களிமண்ணை அறுத்து அறுத்து உருவாக்கிய பள்ளங்களும் முகடுகளுமான நிலம் அவற்றுள் ஒன்று. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்துக்கு அப்பால், வெளிமான்கள் மேயும் கோடியக்கரைப் புல்வெளி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரையிலும் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரிலும் கல்மரப் பூங்காக்கள் அமைந்திருக்கின்றன. கல்மரம் என்பது, மண்ணில் புதைந்த மரத்தின் திசுக்களுக்குள் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா படிப்படியாகப் புகுந்து, மரத்தின் வடிவம் கெடாமல் அதைக் கல்லாக மாற்றிய புதைபடிவமாகும்.

இவ்விடங்களைக் காண விரும்புவோர் எதை முதலில் தீர்மானிக்க வேண்டும், எவற்றைப் பின்னுக்குத் தள்ளலாம், அத்தீர்மானங்களில் எவை அரசுத் துறைகளின் பொறுப்பு, எவை பயணியின் பொறுப்பு என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பயண நூல்கள் பெரும்பாலும் வழியையும் தங்குமிடத்தையும் கூறித் தொடங்குகின்றன. வெளிநிலத்தைப் பொறுத்தவரை அவ்வரிசை பொருந்தாது என்பதும், காலம், நிலத்தின் சட்டநிலை, நீர், நடத்தை ஆகியவை தீர்ந்த பிறகே வழியைப் பற்றிய பேச்சு பயன் தரும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

நிலத்தின் அமைப்பு

காரையின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள, கிரெட்டேசியஸ் எனப்படும் நிலவியல் காலத்துக்குச் செல்ல வேண்டும். சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த அக்காலத்தில், இன்றைய பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. கடலடியில் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும் பின்னர் பாறை அடுக்குகளாயின. அவற்றை நிலவியலாளர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாகப் பகுத்துள்ளனர். ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரை அடுக்கு மென்மையான களிப்பாறையால் ஆனது. அதன் ஊடே ஜிப்சம் வெண்ணிற நரம்புகளாக ஓடுகிறது. பாஸ்பேட் உருண்டைகள் ஆங்காங்கே கிடைக்கின்றன. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரினமான அம்மோனைட்டும், கணவாயின் தொல் உறவான பெலம்னைட்டும் இந்த அடுக்கில் புதைபடிவங்களாக உள்ளன.

களிமண் நீரை விரைவாக உட்கொள்ளாத காரணத்தால், குறுகிய நேரத்தில் கொட்டும் மழை மேற்பரப்பிலேயே ஓடி, சிறு வாய்க்கால்களாகத் திரண்டு, அவை ஒன்றோடொன்று கூடிப் பள்ளங்களை ஆழப்படுத்துகின்றன. செடிகொடி அடர்த்தியாக வேரூன்றுவதற்குள் அடுத்த மழை மண்ணை இழுத்துச் செல்கிறது. இவ்வாறு அறுபட்ட நிலத்தை உலக நிலவியல் நூல்கள் பேட்லேண்ட்ஸ் என்று குறிக்கின்றன. ஆறு பாறையைக் குடைந்து உண்டாக்கும் ஆழ்பள்ளத்தாக்கும் இதுவும் ஒன்றல்ல. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துச் செல்லும் கண்டிக்கோட்டை முதல்வகைக்கு அண்மையான சான்று. அங்கு ஒரே ஆறும் செங்குத்தான கரையும் உண்டு. காரையில் பெயரில்லாத நூற்றுக்கணக்கான நீரோட்டங்களே வேலை செய்திருக்கின்றன.

கடலூர் மாவட்ட வாசகருக்கு இவ்வகை அரிப்பு புதிதன்று. கடலூர் நகரின் தென்மேற்கே உயரும் கேப்பர் மலையும், பண்ருட்டியின் முந்திரிக் காடுகளும், புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள செம்மண் மேடும் கடலூர் மணற்கல் என நிலவியலில் பெயர்பெற்ற ஒரே அடுக்கின் மேல் அமைந்தவை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அந்த அடுக்கின் நடுவிலேயே கிடக்கிறது. மரப்போர்வை நீங்கிய இடங்களில் இச்செம்மண்ணும் ஆழமாக அறுபடுகிறது. 1968இல் ஆரோவில் நிறுவப்பட்டபோது அந்த மேட்டுநிலம் செம்பள்ளங்களால் கிழிந்த வறள்நிலமாக இருந்ததும், வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தி மரம் நட்டு அரிப்பைக் கட்டுப்படுத்தியதும் பலரும் அறிந்த செய்திகள். ஆகவே பள்ளநிலம் எல்லா இடத்திலும் ஒரே மதிப்புடையது என்று கொள்ளலாகாது. காரையில் அரிப்பு பழங்கடலின் சான்றைத் திறந்து காட்டுகிறது. செம்மண் மேட்டில் அது பெரும்பாலும் மனிதச் செயலால் விளைந்த இழப்பு. முன்னதைக் காக்கவும் பின்னதை ஆற்றவும் வேண்டியிருப்பதால், பார்க்கச் செல்பவர் தாம் எதைப் பார்க்கிறார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கடலூர் மணற்கல்லே திருவக்கரைக் கல்மரங்களையும் தாங்கி நிற்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை கூறப்படும் அம்மரங்களில் வேரும் கிளையும் இல்லாமையும் அவை கிடைமட்டமாகக் கிடப்பதும், வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தால் அடித்துவரப்பட்டவை அவை என்பதைக் காட்டுகின்றன. சாத்தனூர்க் கல்மரம் அதனினும் தொன்மையானது. 18 மீட்டர் நீளமுள்ள அது, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டுப் படிவுகளில் புதைந்த ஊசியிலை மர வகையைச் சார்ந்தது என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கூறுகிறது.

கோடியக்கரையின் கதை வேறு. அங்கு மேடும் பள்ளமும் இல்லை. இராமர் பாதம் எனப்படும் மணல்மேடு கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் அளவே உயர்ந்திருந்தும் அதுவே சுற்றுவட்டாரத்தின் மிக உயர்ந்த இடமாகக் கருதப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கியும், கோடையில் உப்புக் காற்றில் காய்ந்தும் மாறிமாறி வாழும் புல்வெளி, அதை ஒட்டிய உலர் பசுமைக்காடு, அப்பால் வேதாரண்யச் சதுப்பு என மூன்று வகை வாழிடங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதே அதன் சிறப்பு.

முன்னோடிகளின் பயணங்கள்

இந்நிலங்களை நாடி வந்த முதல் பயணிகள் ஆய்வாளர்களே. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781இல் திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1840களில் சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டிய தென்னிந்தியப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். 1850களின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை வரைபடமாக்கினார். தொடர்ந்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அப்புதைபடிவங்களை விரிவாகப் பதிப்பித்தார். நூற்றாண்டின் இறுதியில் வார்த் என்பவரின் தொகுப்பை வைத்து வியன்னாவின் ஃபிரான்ஸ் காஸ்மாட் அம்மோனைட்டுகளை ஆராய்ந்தார். சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் வெளியுலகுக்கு அறிவித்தவர், பின்னாளில் நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான எம். எஸ். கிருஷ்ணன்.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய பயணி எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. குளிர்ந்த மாதங்களில் களப்பணி, கோடையிலும் மழையிலும் அலுவலகப் பணி என்று நிலவியல் ஆய்வுத்துறை தன் ஆண்டைப் பகுத்துக்கொண்டது, அதாவது காலமே பயணத்தை முடிவு செய்தது என்பது முதலாவது. அன்று எடுக்கப்பட்ட மாதிரிகள் லண்டன், கல்கத்தா முதலான நகரங்களுக்குச் சென்று, எந்த அடுக்கில் எந்த ஊரருகே கிடைத்தவை என்ற குறிப்போடு பதிவாயின என்பது இரண்டாவது. அக்குறிப்பே அவற்றுக்கு அறிவியல் மதிப்பைத் தந்தது. குறிப்பு எதுவுமின்றி ஒருவர் வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகும் அம்மோனைட் அந்த மதிப்பை இழந்துவிடுகிறது.

பதிவேட்டில் நிலம்

முன்னேற்பாட்டின் பாதி, அந்நிலம் அரசுப் பதிவேட்டில் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இவ்வகையில் மேற்கூறிய இடங்கள் மூன்று படிநிலைகளில் நிற்கின்றன.

கோடியக்கரை 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் வேதாரண்யச் சதுப்போடு சேர்த்து, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. எப்போது, எந்தப் பாதையில், எந்த ஊர்தியில் செல்லலாம் என்பதையும் துறையே முடிவு செய்கிறது. பயணி கேட்டறிந்து இணங்க வேண்டியவரே தவிர, புதிதாகத் திட்டமிட வேண்டியவை அவருக்கு அங்குக் குறைவு.

கல்மரப் பூங்காக்கள் இரண்டாம் படியில் உள்ளன. தேசிய நிலவியல் நினைவிடங்கள் என்ற தகுதியில் அவை நிலவியல் ஆய்வுத்துறையின் பராமரிப்பில் வேலி, காவலர், விளக்கப் பலகை ஆகியவற்றோடு இருக்கின்றன. சிறிய பரப்பும் தெளிவான எல்லையும் உள்ள இவை, பிள்ளைகளை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கும் பள்ளிக் குழுவுக்கும் தொடக்கப் பாடமாக அமையத்தக்கவை.

காரைப் பள்ளநிலம் மூன்றாம் படி. அது வேலியிட்ட பூங்காவாக அமையாமல், நெடுங்காலமாக ஊர்களை ஒட்டிய திறந்த வெளியாகவே கிடந்துவருகிறது. இதற்கான காரணத்தை வகைப்பாட்டில் தேட வேண்டும். நடுவண் அரசின் நிலவளத்துறையும் தேசியத் தொலையுணர்வு நிறுவனமும் சேர்ந்து 2000இல் முதன்முதலாக வெளியிட்ட இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு, நீர் அறுத்த பள்ளநிலங்களையும் புதர்மண்டிய வெளிகளையும் தரிசின் வகைகளாகவே எண்ணுகிறது. விளைச்சலை மட்டும் அளவுகோலாகக் கொண்ட வருவாய்த்துறை மரபில் புல்வெளியும் பள்ளநிலமும் பயனற்றவையாக எழுதப்பட்டதால், மரம் நடவும் ஆலை கட்டவும் மண் அள்ளவும் முதலில் ஒதுக்கப்படுபவை அவையே ஆகின்றன. அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளாகச் செல்வதும், அதே சுரங்கங்களில் புதைபடிவங்கள் வெளிப்படுவதும் இந்த இரட்டைநிலைக்கு எடுத்துக்காட்டு. நிலவியல் மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான சட்ட வரைவொன்றை நடுவண் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டதை, இக்குறை அரசளவிலும் உணரப்பட்டதற்கு அடையாளமாகக் கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு பொதுவிதி பெறப்படுகிறது. பதிவேட்டில் நிலத்தின் தகுதி உயர உயரப் பயணியின் சுமை குறைகிறது. தகுதி தாழும்போது நீர், வழி, பாதுகாப்பு, காவல் ஆகிய நான்கும் பயணியின் தலையிலேயே விழுகின்றன. அதனால் காரைக்குச் செல்பவர், கோடியக்கரைக்குச் செல்பவரைவிட அதிகம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

பருவமும் பொழுதும்

தொல்காப்பிய மரபு நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருளாக வைக்கிறது. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் உரியதாக்குகிறது. அகப்பாடலில் பிரிவின் கொடுமையைக் காட்டத் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பொழுதுதான் வறண்ட வெளிநிலத்தில் பயணி தவிர்க்க வேண்டிய பொழுதும் ஆகும்.

உள்மாவட்டமான பெரம்பலூரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். பள்ளங்களுக்குள் காற்றோட்டம் குறைந்தும், வெளிர்நிறக் களிமண் ஒளியைத் திருப்பி வீசியும் வெப்பத்தை மேலும் கூட்டுகின்றன. ஒதுங்க ஒரு மரநிழல் கிடைப்பதும் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே களிமண் நீரில் ஊறி வழுக்குகிறது. செருப்பில் அப்பிக்கொண்டு நடையைத் தடுக்கிறது. மேலே உறுதியாகத் தோன்றும் விளிம்புகள் அடியில் நீரால் குடையப்பட்டு இடியும் நிலையில் இருக்கக்கூடும். மேட்டில் பெய்யும் மழை பள்ளத்துக்குள் திடீரெனப் பாயும் ஆபத்தும் உண்டு. எனவே மார்கழியின் பிற்பகுதி தொடங்கி மாசி முடிய உள்ள காலமே ஏற்றது. மழை ஓய்ந்து மண் உலர்ந்த தைமாதத்தில், புதிதாக அறுபட்ட முகப்புகள் அடுக்குகளைத் தெளிவாகக் காட்டும் என்பதும் கருதத்தக்கது. ஒரு நாளுக்குள் விடியல் முதல் பத்து மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் சாய்ந்த ஒளி முகடுகளின் நிழலை நீட்டிப் பள்ளங்களின் ஆழத்தை வெளிப்படுத்துகிறது; உச்சிப்பொழுதில் எல்லாம் தட்டையாகவே தெரியும்.

கோடியக்கரைக்கு ஒரே பருவம் என்பது இல்லை, நோக்கத்துக்கேற்பப் பருவம் மாறும். பூநாரை முதலிய வலசைப் பறவைகளைக் காண ஐப்பசி முதல் தை வரை ஏற்றது. அப்போது நீர் தேங்கிய வெளியில் மான்களை அணுகிப் பார்ப்பது கடினம். வெளிமான்களைத் தெளிவாகக் காண நிலம் காய்ந்த பங்குனிக்குப் பிந்திய மாதங்கள் உகந்தவை. இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முயல்வோர் இரண்டிலும் குறைவையே காண்பர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலும், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து கோடியக்கரைக் காட்டைச் சாய்த்த கஜா புயலும், கார்த்திகை, மார்கழிப் பயணத்துக்கு வானிலை அறிவிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்துகின்றன.

குஜராத்தின் வேளாவதர் வெளிமான் தேசியப் பூங்கா இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. 1976இல் அமைக்கப்பட்ட, சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அப்புல்வெளி, ஜூன் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பார்வையாளருக்கு மூடப்படுகிறது. பருவத்தைப் பயணியின் விவேகத்துக்கு விடாமல் நிர்வாகமே விதியாக்கிவிடுவதால், மழையில் தளிர்க்கும் புல்லுக்கும் விலங்குக்கும் ஓய்வு கிடைக்கிறது.

வழி, நீர், தங்கல்

காலமும் சட்டநிலையும் தெளிந்த பின் வழி எளிதாகிறது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில், கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் வழியாக அரியலூரை அடையலாம். கடலூரிலிருந்து செல்வோர்க்கு நெய்வேலி, விருத்தாசலம் வழி பொருத்தம். விருத்தாசலம்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அரியலூர் நிலையம் உள்ளது. காரை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து பாடாலூர்ப் பக்கம் விலகிச் செல்லும் கிராமச் சாலையில் அமைந்திருப்பதால், தனி ஊர்தி இல்லாதோர் நகரப் பேருந்தின் திரும்பும் நேரத்தை முதலில் கேட்டறிந்து, அதற்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும். கோடியக்கரைக்குச் சிதம்பரத்திலிருந்து சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று தெற்கே செல்லும் கடலோர வழி உண்டு. திருவக்கரை புதுச்சேரிக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது. வக்கிரகாளியம்மன் சந்நிதியால் பெயர்பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு வருவோர் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

தங்குவதற்குப் பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களையே நம்ப வேண்டும். பள்ளநிலத்தில் கூடாரம் அடிப்பது நிலத்துக்கும் தங்குவோர்க்கும் நல்லதன்று. கோடியக்கரையில் வனத்துறை ஓய்வு இல்லத்துக்கு முன்பதிவு செய்வதும், இயலாவிடில் வேதாரண்யத்திலோ நாகப்பட்டினத்திலோ தங்குவதும் வழக்கம்.

குடிநீரை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிச் செல்வது காரைக்குப் பொருந்தாது. அரைநாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது கையில் இருக்க வேண்டும்; உப்பிட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ உடன் இருப்பது வியர்வையில் இழந்த உப்பை ஈடுகட்டும். தொப்பி, முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள காலணி ஆகியவை அடிப்படைத் தேவைகள். வறண்ட புதர்நிலத்தில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வாழ்கின்றன. ஆதலால் வெடிப்புகளிலும் கற்குவியலிலும் கையை நுழைக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை இழக்காமல் 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பள்ளங்களுக்குள் கைப்பேசித் தொடர்பு அறுபடலாம் என்பதால், ஊருக்குள் ஒருவரிடம் சென்று திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது நல்ல காப்பு. தனியே செல்லாமல் மூவர் நால்வராகச் செல்வது அதனினும் நல்லது.

நடத்தையும் உள்ளூர் மக்களும்

வெளிநிலம் ஆளற்ற நிலமாகத் தோன்றினும் யாருக்கும் உரிமையற்ற நிலமன்று. காரையைச் சுற்றிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள் இருக்கின்றன. ஆடுமாடு மேய்ப்போர் பள்ளங்களின் ஓரத்துப் புல்லை நம்பியிருக்கின்றனர். மேய்ப்பவர்க்குத் தெரிந்த வழித்தடமே பாதுகாப்பான வழித்தடம் என்பதால், அவர்களிடம் கேட்டு நடப்பது மரியாதையும் அறிவுடைமையும் ஆகும். வயலுக்குள் ஊர்தியை ஏற்றுவது, முகடுகளில் இருசக்கர ஊர்தி ஓட்டுவது ஆகியவை பல ஆண்டு மழை செய்யும் அரிப்பை ஒரே நாளில் செய்துவிடக்கூடியவை.

புதைபடிவத்தைப் பொறுத்த நெறி, கண்டால் படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை அங்கேயே விட்டுவருவதாகும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பெரும் புல்வெளியும் அறுபட்ட பள்ளநிலமும் ஒருங்கே அமைந்த பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இதுவே விதி. 2010இல் அங்குச் சென்ற ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தான் கண்ட புதைபடிவத்தைக் காவலரிடம் தெரிவித்ததால், வாள்பல் பூனை வகையின் மண்டையோடு முழுமையாக அகழ்ந்தெடுக்கப்பட்டு ஆய்வுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் அத்தகைய தகவலை நிலவியல் ஆய்வுத்துறைக்கோ, பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ, மாவட்ட நிர்வாகத்துக்கோ தெரிவிக்கலாம். ஆய்வாளர் பார்வைக்கு வருமுன் முடிவு கூறுவதும் தீங்கே: 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைகள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியபோது, அவை அம்மோனைட்டைச் சூழ்ந்து இறுகிய படிவு உருண்டைகளே என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. களத்துக்குச் செல்லுமுன் அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால், எது எது என்று அறிந்து நடக்க முடியும்.

கோடியக்கரையில் நடத்தை வேறுவகைக் கவனத்தை வேண்டுகிறது. திறந்த வெளியில் வாழும் வெளிமான் தொலைவையும் ஓட்டத்தையுமே தன் காப்பாகக் கொண்டது. ஆதலால் ஊர்தியை நிறுத்தி, இறங்காமல், அமைதியாகக் காத்திருப்போர்க்கே அதன் இயல்பான மேய்ச்சல் தெரியும். அங்குத் திரியும் மட்டக்குதிரைகள், வளர்ப்பிலிருந்து விலகிக் காட்டில் பெருகியவை. கடலூர்ப் பக்கம் வேலிக்காத்தான் என வழங்கும் சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் பரவுவது மானின் மேய்ச்சல் பரப்பைச் சுருக்குகிறது. அயல் படர்தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வகுத்தது இச்சிக்கலின் அளவைக் காட்டும். மரமில்லாத இடத்தை வெற்றிடம் என்று கருதி விதைப்பந்து வீசும் ஆர்வலர்கள் புல்வெளிக்கு வரும்போது அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

பூங்கா ஆக்கப்பட்ட நிலமும் ஆகாத நிலமும்

டெக்ஸாஸ் மாநிலத்தின் காப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்கா, 1982இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. பெரும் புல்வெளியின் விளிம்பு செம்பாறைப் பள்ளத்தாக்காக உடைந்து இறங்கும் இடத்தில், நகரங்களிலிருந்து வெகுதொலைவில் அது அமைந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழிவின் விளிம்பிலிருந்து சார்லஸ் குட்நைட் குடும்பம் காத்த காட்டெருமைக் கூட்டத்தின் வழிவந்தவை 1997இல் மாநிலத்துக்குக் கொடையாகக் கிடைத்து, இன்று அங்கு மேய்கின்றன. அங்குச் செல்பவர் முன்பதிவு, கட்டணம், நடைபாதைகளின் நீளமும் கடினமும், நீர் கிடைக்குமிடம், வெப்ப எச்சரிக்கை, காட்டெருமையிடமிருந்து விலகிநிற்க வேண்டிய தொலைவு ஆகிய அனைத்தையும் புறப்படுமுன்பே நிர்வாகத்திடமிருந்து பெற்றுவிடுகிறார். தொலைவு அங்கும் உண்டு, ஆனால் தகவலின்மை இல்லை.

காரையின் குறை தொலைவன்று, தகவலும் காவலும் இல்லாமையே. பிச்சாவரத்தில் படகுத்துறை, சீட்டு, நேரம், துடுப்புக்காரர் என்று எல்லாம் அமைந்திருப்பதால், சிதம்பரத்திலிருந்து குழந்தையோடு செல்லும் குடும்பமும் எவ்வித ஆயத்தமுமின்றி அலையாத்திக் காட்டைப் பார்த்துத் திரும்ப முடிகிறது. அந்த ஏற்பாடு காட்டின் எப்பகுதிக்குள் யாரும் நுழையக் கூடாது என்பதையும் கூடவே வரையறுக்கிறது. காரைக்கு அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்போர் சாலையும் பார்வை மேடையும் விடுதியும் கேட்கின்றனர். அகலமான சாலை பயணியைக் கொண்டுவரும் அதே வேகத்தில் மண் அள்ளும் ஊர்தியையும் கொண்டுவரும். மேடைக்கு அடித்தளம் தோண்டினால் மென்களியின் விளிம்பே முதலில் சரியும்.

ஆகவே நிர்வாகம் செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. பள்ளநிலத்தின் எல்லையை அளந்து தரிசு என்ற வகையிலிருந்து நீக்கி நிலவியல் மரபிடமாக அறிவித்தல் முதலாவது. பக்கத்து ஊர் இளைஞர்க்குப் புதைபடிவமும் நிலவியலும் கற்பித்து, ஊராட்சி வழியாக ஊதியத்தோடு வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்த்துதல் இரண்டாவது. குறித்த நடைத்தடம், நீர்த்தொட்டி, எச்சரிக்கைப் பலகை, மழைக்கால மூடல் ஆகியவை மூன்றாவது. சாலை இவை மூன்றுக்கும் பிறகு வர வேண்டியது.

அந்த வரிசை நடைமுறைக்கு வரும்வரை, தை மாதத்து விடியலில் நீரும் துணையுமாகச் சென்று, மேய்ப்போர் காட்டிய தடத்தில் நடந்து, எதையும் எடுக்காமல் பத்து மணிக்குள் மேடேறிவிடும் பயணியே அந்நிலத்துக்கு வாய்த்த காவலர். அவ்வாறு திட்டமிட இயலாதோர் முதலில் திருவக்கரைக்கோ சாத்தனூருக்கோ சென்று வேலிக்குள் நின்று கற்றுக்கொள்வதும், பின்னர் கோடியக்கரையில் வனத்துறையின் விதிக்குள் பழகுவதும், காரையை இறுதியாக வைத்துக்கொள்வதும் தகுந்த முறையாகும்.